புள்ளி பெருவிரலுக்கு வந்தது

காத்தான்குடியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். எனக்கு நிக்காஹ் நடந்தபோது வாப்பா இந்த வீட்டை என் பெயரில் எழுதித் தந்தார். கணவர் இரண்டு சூட்கேஸோடு இங்கே வந்து சேர்ந்தார். என் அண்ணன், அதாவது காக்கா, இரண்டு ஒழுங்கை தள்ளித் தன் மனைவியின் வீட்டுக்குப் போனார். போனவர் கடையை மட்டும் கொண்டுபோகவில்லை. அது இன்றைக்கும் என் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறது.

பெயர்ப் பலகை செய்கிற கடை. கட்டில் அளவுக்கு ஒரு லேசர் மெஷின், சுவரில் சாய்த்து வைத்த அக்ரிலிக் தகடுகள், வாசலில் காக்காவின் பெயர் பெரிய எழுத்தில். டாக்டர்மாரின் பலகை, பள்ளிக்கூடக் கேடயம், கல்யாணப் பரிசு, பள்ளிவாசலுக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்க் கல் மாதிரியான பலகை, எல்லாம் இங்கேதான் வெட்டுப்படும். மெஷின் ஓடும்போது புகையை இழுக்கிற விசிறி ஒரு பக்கம் ஊளையிடும், காற்றுப் பம்ப் இன்னொரு பக்கம் குமுறும். அக்ரிலிக் எரிகிற மணம் சமையலறைவரை வந்து என் சோற்றில் உட்காரும்.

அந்த இரைச்சலுக்கு அடுத்த அறையில் என் வேலை. அதுவும் காதால் கேட்டுச் செய்கிற வேலை! வெளிநாட்டில் ஒரு நிறுவனம், குளிர் நாடுகளில் குடியேறிய நம்மவர்களின் பேட்டிகளை ஒலிப்பதிவாக அனுப்பும். நான் கேட்டு, சொல்லுக்குச் சொல் தமிழில் தட்டி அனுப்புவேன். எங்கள் பக்கத்துப் பேச்சு வந்தால் அது என்னைத் தேடித்தான் வரும். மற்றவர்களுக்கு அது பாதி விளங்காது. எனக்கு மூச்சு வாங்குகிற இடம்கூட விளங்கும்.

இதற்குக் காக்கா வைத்த பெயர் 'தட்டல்'. முன்னறையில் இருந்து எட்டிப் பார்த்து, "என்ன புள்ள, இன்னமும் தட்டுறியா?" என்பார். ஒரு மணித்தியாலம் மெஷினை நிறுத்தச் சொல்லி ஒருமுறை கேட்டேன். "மெஷின் நிண்டா கடை நிண்டுரும். உண்ட தட்டலுக்காக நான் கடைய மூடவா?" என்றார். இது என் வீடு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. உம்மா வளர்த்த வளர்ப்பு, விழுங்கிவிட்டேன். காதை மூடுகிற ஹெட்போன் வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்தது. சிக்குன்குனியா. ஊரில் வீட்டுக்கு ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த மாதங்கள் அவை. காய்ச்சல் போய்விட்டது, மூட்டுவலி போகமாட்டேன் என்றது. எனக்கு அது வலது மணிக்கட்டிலும் வலது சுண்டுவிரலிலும் குடியிருந்தது. சுண்டுவிரல்தானே, அதை மடக்கி வைத்துக்கொண்டு தட்டலாமே என்று கேட்டவர்கள் உண்டு. தமிழில் தட்டச்சு செய்யாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். நான் பழகியது பழைய தட்டச்சு ஒழுங்கு. அதில் மெய்யெழுத்தின் தலையில் வைக்கிற புள்ளி வலது சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கிறது. புள்ளி இல்லாமல் தமிழில் ஒரு வரி ஓடுமா? 'வந்தான்' என்று எழுத இரண்டு தடவை, 'கேட்டேன்' என்று எழுத இரண்டு தடவை. ஒரு பக்கம் முடிவதற்குள் அந்த விரல் என்னைக் கொன்று தின்றுவிடும்.

வேகம் குறைந்தது. நிறுவனத்திடமிருந்து மரியாதையான ஒரு மின்னஞ்சல் வந்தது. அடுத்த மாதக் கடைசியில் ஒரு பரீட்சைப் பதிவு அனுப்புவார்களாம். குறித்த நேரத்துக்குள் பிழையில்லாமல் முடித்தால் தொடரலாம், இல்லாவிட்டால் இதுவரை செய்ததற்கு நன்றி. அந்த 'நன்றி'யை இரண்டு தடவை படித்தேன்.

என் கணவரிடம் காட்டினேன். நான் மச்சான் என்று கூப்பிடுகிற மனிதர், கட்டாரில் பல வருடம் மின்வேலை செய்துவிட்டு வந்து இப்போது துணிக்கடையில் நிற்கிறார். என் மணிக்கட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, "விடு புள்ள. நான் உழைக்கிறன்தானே. கையப் பாரு முதல்ல" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு நல்ல மனது கெட்ட மனது ஒன்றும் தெரியவில்லை.

"நீங்க உழைக்கிறது உங்கட வேலை மச்சான். எண்ட வேலை என்னத்துக்கு உடணும்?" என்று கையை இழுத்துக்கொண்டேன். எண்ணெய் அவர் உடுத்திருந்த சாரத்தில் கொட்டியது.

கையை விடுவதா வேலையை விடுவதா என்று எல்லோரும் கேட்டார்கள். கீபோர்டை விட்டால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். இணையத்தில் தேடியபோது ஒரு தனி உலகமே இருந்தது. கீபோர்டை இரண்டாகப் பிளந்து, இரண்டு தோளுக்கும் நேராக வைத்து, விரல் நீளத்துக்கு ஏற்றபடி பொத்தான்களை ஏற்றி இறக்கி, தங்கள் கையாலேயே செய்துகொள்கிறவர்கள் இருந்தார்கள். எந்தப் பொத்தானில் எந்த எழுத்து என்பதும் அவரவர் விருப்பம். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. புள்ளியைப் பெருவிரலுக்குக் கொண்டு போகலாம்! சும்மா நடுவில் கிடந்து சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுகிற வேலை மட்டும் பார்க்கிற அந்தத் தடித்த சோம்பேறி விரலுக்கு.

பொத்தான்களுக்குக் கீழே இருக்கிற சுவிட்சுகளையும் மூளை மாதிரியான ஒரு சின்னச் சுற்றுப் பலகையையும் தபாலில் எடுத்தேன். மிச்சம் ஒன்றுதான். சுவிட்சுகள் எல்லாவற்றையும் இறுகப் பிடித்து வைத்திருக்கிற தட்டு. சதுரத் துளைகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் தகடு, அவ்வளவுதான். என் கைக்கு அளவெடுத்த தட்டை எந்தக் கடையிலும் விற்கமாட்டார்கள். ஆனால் பிளாஸ்டிக் வெட்டுகிற மெஷின் ஒன்று என் வீட்டு முன்னறையில் வாடகை இல்லாமல் குடியிருந்ததே.

அளவெடுத்ததைச் சொல்ல வேண்டும். பெருநாளுக்கு வாங்கி மிஞ்சிய மருதோண்டிக் கூம்பு ஒன்று குளிர்சாதனப் பெட்டியில் கிடந்தது. பத்து விரல் நுனியிலும் ஒரு சொட்டு வைத்தேன். கண்ணை மூடி, தோளைத் தளர்த்தி, கை எங்கே வலிக்காமல் விழுகிறதோ அங்கே வெள்ளைத் தாளில் விழவிட்டேன். பத்துப் பொட்டுகள். இடது கைப் பொட்டுகள் ஒரு ஒழுங்கில் இருந்தன. வலது கை வேறு கதை. சுண்டுவிரல் எல்லோரையும் விட்டு விலகி, கீழே, கோபித்துக்கொண்டு போனது போல நின்றது. நிற்கட்டும், அங்கேயே அதற்குப் பொத்தான் வைக்கிறேன் என்று சொல்லி, பொட்டுகளை அளந்து கம்ப்யூட்டரில் துளைகளை வரைந்தேன். மருதோண்டி காய்ந்து விரல் நுனிகள் ஒரு கிழமைக்குச் சிவந்து கிடந்தன. துணிக்கடையில் யாரோ, "வீட்டுல என்ன விசேஷம்?" என்று கேட்டதாக மச்சான் வந்து சொன்னார்.

படத்தைக் காக்காவிடம் கொண்டுபோனேன். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இது என்ன, இடியப்பத் தட்டா?"

"கீபோர்ட்."

"கீபோர்ட் கடையில விக்கிறானே புள்ள."

"எண்ட கைக்கு விக்கல்ல காக்கா. வெட்டித் தாறீங்களா, இல்ல நானே வெட்டட்டா?"

மெஷினில் நான் கை வைப்பேன் என்றதும் அவர் அவசரமாக எழும்பிவிட்டார். கழிவுத் தகடு ஒன்றில், நான் வரைந்த கோட்டின் மேலேயே வெட்டித் தந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சுவிட்சுகளைப் போட்டு நிரப்பி, தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் நெல் கொட்டுவது போலக் கொட்டுண்டன. லேசர் வெட்டும்போது கோட்டின் இரண்டு பக்கமும் ஒரு மயிரிழை எரிந்து போகிறது. பெயர்ப் பலகையில் அந்த மயிரிழைக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. சுவிட்சு கேட்கும்.

துளைகளைச் சிறிதாக்கி இரண்டாம் தட்டு வெட்டினோம். இந்த முறை சுவிட்சு போக மறுத்தது. அழுத்தினேன். மணிக்கட்டு சுரீரென்றது, தட்டு 'டிக்' என்றது. இரண்டு துளைகளுக்கு நடுவே ஒரு வெடிப்பு, அங்கிருந்து ஓரம்வரை ஓடிவிட்டது. அக்ரிலிக் வளைந்து கொடுக்காது, உடைந்துதான் காட்டும். எனக்கும் அதே குணம். உடைந்த தட்டைத் தூக்கிக் குப்பைக் கூடையில் எறிந்தேன், கூடையும் சாய்ந்தது. காக்கா கூடையை நிமிர்த்தி வைத்தார். அது எனக்கு இன்னும் எரிச்சல்.

பிறகு புத்தி வந்தது. ஒரு துண்டுத் தகட்டில் துளைகளை வரிசையாக, ஒன்றைவிட ஒன்று துளி சிறிதாக வெட்டுவித்தேன். ஒவ்வொன்றிலும் சுவிட்சைப் போட்டுப் பார்த்து, உடையாமல் பிடிக்கிற துளையைக் கண்டுபிடித்தேன். அதுவும் முழுத் திருப்தி இல்லை. பிடித்தது, ஆனால் ஆடியது. மேலே இருக்கிற மூடியை இழுத்தால் சுவிட்சும் சேர்ந்து வந்தது. இந்தச் சுவிட்சுகளின் பக்கவாட்டில் இரண்டு சின்னக் காதுகள் உண்டு. மெல்லிய தகடென்றால் அவை அடியில் போய் விரிந்து கொளுவிக்கொள்ளும். எங்கள் தகடு மூன்று மில்லிமீட்டர். காதுகள் துளைக்குள்ளேயே நசுங்கிக் கிடந்தன.

"பசை வெச்சி ஒட்டுவம்" என்றார் மச்சான். வேறு வழியில்லை, ஓம் என்றேன். பரீட்சைக்கு நாள் நெருங்கியிருந்தது. நல்ல கண்ணாடி போன்ற தகடு ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது, பள்ளிவாசல் பலகைக்கு வெட்டிய மிச்சம். அடுத்தது கொழும்பில் இருந்து வரவேண்டும்.

அந்தத் தகட்டைக் காக்கா வெட்டியபோது நான் கைக்கு மருந்தெடுக்க மட்டக்களப்புக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு தட்டுகளும் பாதுகாப்புத் தாள் உரிக்காமல் மேசையில் இருந்தன. என் தாள் படத்தை எடுத்து மேலே வைத்தேன். பொருந்தவில்லை. வலக்கைத் தட்டில் சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் பெருவிரல் இருந்தது. இடக்கைத் தட்டிலும் அப்படியே. எல்லாம் இடம் வலமாகக் கிடந்தது.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை பற்றிக்கொண்டது.

"காக்கா! இதென்ன வேலை? மிரர் பண்ணி வெட்டிட்டீங்களே! கடைசித் தகடு இது!"

"ஓம், மிரர்தான்" என்றார், சாவகாசமாக. "பேர் போட்டா மிரர் போடாம என்ன செய்யிற?"

"பேரா? ஆருட பேர்? ஆர் கேட்ட உங்களிட்ட பேர்?"

"கத்தாத புள்ள. தாள உரிச்சிப் போட்டுப் பொரட்டிப் பாரன்."

பெயர்ப் பலகைக்காரரின் வழக்கம் அது. தெளிந்த அக்ரிலிக்கில் எழுத்தை முன்பக்கம் செதுக்கமாட்டார்கள். பின்பக்கத்தில் இடம் வலமாகச் செதுக்கி, முன்னால் இருந்து தகட்டினூடாக வாசிக்க விடுவார்கள். அப்போது எழுத்தில் தூசி படியாது, கை படாது. இத்தனை வருடப் பழக்கத்தில் காக்காவின் விரல், பெயர் என்று ஒன்றைக் கண்டதுமே மிரர் பொத்தானை அமுக்கிவிடும். ஆனால் என் படத்தில் பெயரே இல்லையே. நான் வெறும் துளைகளைத்தான் வரைந்து கொடுத்திருந்தேன்.

தாளை உரித்தேன். திருப்பினேன். இடம் வலமெல்லாம் சரியாக வந்து நின்றது, சுண்டுவிரல் தன் மூலைக்குப் போனது. வலக்கைத் தட்டின் மேல் ஓரத்தில், தகட்டுக்கு உள்ளேயிருந்து, என் பெயர் தெரிந்தது. டாக்டர்மாருக்கு வெட்டுகிற அதே எழுத்து. வாசலில் இருக்கிற அவருடைய பெயரின் அதே எழுத்து.

ஏசிய வாயை உடனே மாற்ற முடியாதே. பக்கத்தில் கிடந்த ஒரு சுவிட்சை எடுத்துத் துளையில் வைத்து அழுத்தினேன்.

'டக்.'

அதுவரை எந்தத் தட்டிலும் கேட்காத சத்தம். ஆட்டினேன், ஆடவில்லை. மூடியைப் போட்டு இழுத்தேன், மூடி மட்டும் வந்தது. இன்னொன்று, 'டக்'. இன்னொன்று. ஒரு வரிசை முழுக்க நிரப்பித் தலைகீழாகத் திருப்பி உதறினேன். ஒன்றும் விழவில்லை!

துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. லேசர் உள்ளே நுழைகிற பக்கம் கொஞ்சம் அகலமாக எரித்து, வெளியே போகிற பக்கம் ஒடுங்கிப் போகிறது. துளை நேரான கிணறு இல்லை, அடி ஒடுங்கிய புனல். இத்தனை நாளும் அகல வாயை மேலே வைத்துச் சுவிட்சைப் போட்டிருந்தோம். இன்று புரட்டியதால் ஒடுங்கிய வாய் மேலே வந்துவிட்டது. காதுகள் அந்த இறுக்கத்தைத் தாண்டி உள்ளே போய், அகலமான இடத்தில் விரிந்து கொளுவிக்கொண்டன. பசையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். என் பெயரைப் போட ஆசைப்பட்ட ஒரு பெயர்ப் பலகைக்காரர் பழக்கதோஷத்தில் செய்த வேலை, நான் அளந்து அளந்து செய்யாததைச் செய்துவிட்டது.

நான் போட்ட கூச்சலில் வாசலில் நின்ற வாடிக்கையாளர் உள்ளே எட்டிப் பார்த்தார். "காக்கா, பிடிக்கிது! எல்லாம் பிடிக்கிது!" என்று தட்டைக் காக்காவின் முகத்துக்கு நேரே ஆட்டினேன். "ஏசி முடிஞ்சா?" என்று கேட்டார் காக்கா. சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

கம்பிகளை மச்சான் பற்ற வைத்துத் தந்தார். கட்டார் கைகள் ஈயத்தை மறக்கவில்லை. கையை விடச் சொன்ன அதே மனிதர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு ஒவ்வொரு சுவிட்சாகக் கேட்டுக் கேட்டு ஒட்டினார். "இது என்ன எழுத்து? இது?" கடைசியில் பெருவிரல் பொத்தான். "இது?"

"அது புள்ளி மச்சான். அத நல்லா ஒட்டுங்க."

முதலில் 'ம' அடித்தேன். பெருவிரலை லேசாக இறக்கினேன். திரையில் 'ம்' வந்தது. வலி இல்லை. திரும்ப அடித்தேன். ம் ம் ம் ம் என்று ஒரு வரி முழுக்க, கதை கேட்கிற குழந்தை போல. மச்சானும் பக்கத்தில் நின்று, "ம்" என்றார்.

ஆனால் விரல்கள் பழைய வழியை விடவில்லை. தொடக்கத்தில் ஆமை வேகம்தான். சுண்டுவிரல் பழக்கத்தில் புள்ளியைத் தேடி ஓடும், அங்கே இப்போது கமா இருக்கும். பிழை, பிழை, பிழை. ஒருநாள் பயந்தே போனேன். பிறகு மெதுவாக, எப்போது என்று தெரியாமல், கை சொன்னபடி கேட்கத் தொடங்கியது.

பரீட்சை நாள் வந்தது. பதிவைத் திறந்தேன். மண்டூரில் பிறந்து இப்போது பனி விழுகிற நாட்டில் இருக்கிற ஒரு பெண்ணின் பேச்சு. வட்டையில் அறுவடைக்குப் போனது, குருமண்வெளியில் இருந்து பாதையில் ஏறி வாவியைக் கடந்தது, பாதை நடு வாவியில் நின்றது. வயல்வெளியை வட்டை என்பதும், ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக் கடக்கிற மிதவையைப் பாதை என்பதும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. விரல்கள் ஓடின. பெருவிரல் புள்ளி வைத்துக்கொண்டே போனது. திரையின் மூலையில் நேரம் கரைந்துகொண்டிருந்தது, என்னை முந்தாமல், எனக்குச் சமமாக.

பாதியில் அந்தப் பெண் அழத் தொடங்கினாள். குரல் தாழ்ந்துவிட்டது. முன்னறையில் மெஷின் உச்சத்தில் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. ஹெட்போனைக் கையால் அழுத்திப் பிடித்தேன். விளங்கவில்லை. திரும்பப் போட்டேன். விளங்கவில்லை. மூன்றாம் தடவையும் பின்னுக்கு இழுத்தபோது நேரம் என்னை முந்திக்கொண்டு போவது தெரிந்தது. இவ்வளவு தூரம் வந்து, இந்த இரைச்சலிலா தோற்கப்போகிறேன்?

சட்டென்று இரைச்சல் நின்றது.

கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. திரையும் எரிந்தது. முன்னறையில் யாரோ வாடிக்கையாளர் கேட்பது கேட்டது.

"என்ன காக்கா, மெஷின நிப்பாட்டிட்டீங்க? எண்ட போர்ட் பாதியில கெடக்கு."

"மறுகா வாங்க" என்றார் காக்கா. "உள்ளுக்கு எண்ட தங்கச்சி வேல செய்யிறா."

வேலை! தட்டல் இல்லை, வேலை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனால் துடைக்க நேரம் இல்லை. பதிவை மறுபடி போட்டேன். அந்த அமைதியில் அவளுடைய மூச்சுக்கூடக் கேட்டது. அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும், அழுகைக்கு நடுவே விழுங்கியதையும் சேர்த்து, எழுத்தாக இறக்கினேன். கடைசி வரிக்குப் பிறகு கடிகாரத்தில் இன்னும் நேரம் மிச்சமிருந்தது. முழுவதையும் ஒருமுறை வாசித்துத் திருத்தி அனுப்பினேன். அதற்குப் பிறகும் மிச்சமிருந்தது.

அவர்களுடைய பதில் அடுத்த நாள்தான் வந்தது. தொடருங்கள் என்றும், அதே பதிவைத் தட்டியவர்களில் அந்த அழுகைப் பகுதியை எழுதிக் கொடுத்தது நான் ஒருத்திதான் என்றும் இருந்தது. ஆனால் எனக்கு அந்தப் பதில் வரும்வரை காத்திருக்கத் தேவைப்படவில்லை. அனுப்பி முடித்த கையோடு எழும்பி, வலக்கைத் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனேன்.

காக்கா ஓடாத மெஷினுக்குப் பக்கத்தில் கதிரை போட்டுச் சும்மா இருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"முடிச்சிட்டன் காக்கா. நேரமும் மிஞ்சினது."

"மாஷா அல்லாஹ்" என்றார். தட்டை வாங்கி என் பெயரைத் தூசி துடைப்பது போலச் சாரத்து நுனியால் துடைத்தார். அதில் தூசி படியாது என்பது அவருக்குத் தெரியாததா? திருப்பித் தந்துவிட்டு, மெஷினையும் என்னையும் பார்த்தார். பிறகு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டார்.

"அப்ப, மெஷினப் போடட்டா?"

என் வீட்டு முன்னறையின் நடுவில் நிமிர்ந்து நின்றுகொண்டு, "போடுங்க காக்கா" என்றேன்.